கஞ்சிக்கோட்டில் ஷெட், கோவையில் டிசைன்: வேலையை ஒரே சர்வரில் நடத்துவது எப்படி?

கஞ்சிக்கோடு_பிளானிங் (கேள்வி)

வணக்கம். குழாய் ஸ்கிட் (ஃப்ரேமில் பொருத்திய குழாய்த் தொகுதி), ஸ்பூல் (வெட்டி வெல்டு செய்த குழாய்த் துண்டு), சிறிய டேங்க் செய்யும் நிறுவனம் எங்களுடையது. ஃபேப்ரிகேஷன் ஷெட் கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில். டிசைனும் பர்ச்சேஸும் கோவை பீளமேட்டில். மெஷினிங் வேலை கோவை கணபதி பக்கம் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்யும் வெளிப் பட்டறைக்குப் போகும். கம்ப்யூட்டரிலோ போனிலோ வேலை பார்க்க வேண்டியவர்கள் 22 பேர். ஒரே சமயத்தில் 6 முதல் 9 ஆர்டர் ஓடும்.

இப்போது ஆர்டருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், பொதுவாக ஒரு எக்செல், டிராயிங்குக்கு ஒரு ஷேர் ஃபோல்டர். ஷெட்டில் வெட்டிக்கொண்டிருப்பது எந்த ரிவிஷன் (டிராயிங்கின் எத்தனையாவது திருத்தம்) என்று கேட்டால் பதில் வர அரை நாள் ஆகிறது. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் மென்பொருள் வேண்டாம். நம் சர்வரில் நாமே வைத்து நடத்த வேண்டும்.

மூன்று கேள்விகள். ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாகப் பதிந்து கண்காணிக்க ரெட்மைன், ஓபன்ப்ராஜெக்ட், கோப்பு பகிரும் நெக்ஸ்ட்கிளவுடில் உள்ள டெக், இவற்றில் எது? சர்வரை ஷெட்டில் வைப்பதா, கோவையில் வைப்பதா, வாடகைக்கு எடுப்பதா? ஷெட்டில் ஐப்பசி இடியும் கரண்ட் போவதும் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஸ்பூலுக்கும் ஒரு டிக்கெட் போட்டால் ஆர்டருக்கு 180 வருகிறது. ஆர்டருக்கே ஒன்று என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒரு டிக்கெட் என்பது எவ்வளவு பெரிய வேலையாக இருக்க வேண்டும்?

சித்தூர்_சர்வர்

வணக்கங்க. கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். அது சரியா அமையலைன்னா எந்த மென்பொருள் போட்டாலும் ரெண்டே மாசத்துல எல்லாரும் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிருவாங்க.

வேலை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாறுற இடம்தான் ஒரு டிக்கெட். ஸ்பூல் கணக்குல போடாதீங்க, கைமாற்றக் கணக்குல போடுங்க. ஃப்ரேம் டிராயிங்கை ஷெட்டுக்கு விடறது ஒண்ணு. 8 இன்ச் ஃப்ளாஞ்ச் 24 வாங்கி ஷெட்ல இறக்கறது ஒண்ணு. ஃப்ரேம் ஃபிட்டப்பும் வெல்டிங்கும் சேர்ந்து ஒண்ணு, ஏன்னா அது ஒரே ஃபோர்மேன் கையில இருக்கு. ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணியை அழுத்திக் கசிவு பாக்கறது, தனி. அங்க இன்ஸ்பெக்டர் வர்றாரு, கை மாறுது. இப்படிப் பார்த்தா ஒரு ஸ்கிட் ஆர்டருக்கு 25லிருந்து 40 டிக்கெட்டுக்குள்ள நிக்கும். அரை நாளுக்கும் குறைஞ்ச வேலைக்குத் தனி டிக்கெட் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல போற வேலையை ரெண்டா உடைச்சிருங்க. 180 ஸ்பூலும் ஒரு அட்டவணையா தயாரிப்பு டிக்கெட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

தலைப்புல முடிவு தெரியணும். "ஃப்ளாஞ்ச்"னு எழுதினா அது எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. "24 ஃப்ளாஞ்ச், டெஸ்ட் சர்டிபிகேட்டோட ஷெட்டுக்கு வந்து சேரணும்"னு எழுதுங்க. சரக்கு வந்து சர்டிபிகேட் வரலைன்னா டிக்கெட் மூடக்கூடாதுங்கறது தலைப்பிலேயே இருக்கு.

மென்பொருள்னு வந்தா உங்களுக்கு ரெட்மைன். நிலையை யார் மாத்தலாம்ங்கறதை அதுல பொறுப்புவாரியா, வேலை வகைவாரியா கட்டம் போட்டு அடைக்கலாம். உங்களுக்கு வேண்டியது அதுதான். ஓபன்ப்ராஜெக்டும் அதே வேரிலிருந்து கிளைச்சதுதான். கேன்ட் அட்டவணையை (வேலைகளைத் தேதிவாரியா பட்டையாக் காட்டறது) இழுத்து நகர்த்தறது அதுல வசதி, ஆனா 4 ஜி.பி. ராமும் நாலு கோரும் குறைஞ்சபட்சம் கேக்கும். ரெட்மைன் 22 பேருக்கு 2 ஜி.பி.யிலேயே ஓடும். டெக்ல கார்டை நகர்த்தலாம், அவ்வளவுதான். இந்த வேலை முடியாம அது நடக்கக்கூடாதுன்னு ரெண்டு கார்டைக் கட்டிப்போட வழியில்லை. அஞ்சு பேர் இருக்கற ஆபீசுக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

அமைப்பு இப்படி வைங்க. ஆர்டருக்கு ஒரு ப்ராஜெக்ட். டிஸ்பாட்ச் லாட்டுக்கு ஒரு வெர்ஷன் (டிக்கெட் தொகுப்புக்கு ரெட்மைன்ல அதான் பேர்). மொதல் லாரி, ரெண்டாவது லாரின்னே பேர் வைக்கலாம், ரோட்மேப் பக்கத்துல ஒவ்வொரு லாரிக்கும் எவ்வளவு பாக்கின்னு பட்டையாத் தெரியும். டிராக்கர், அதாவது வேலை வகை, நாலு: டிராயிங், கொள்முதல், தயாரிப்பு, குறை. நிலை அஞ்சு: புதியது, நடக்குது, காத்திருக்கு, சரிபார்க்கணும், முடிஞ்சது. ஆறாவது நிலை கேட்டு யாராவது வருவாங்க, "90 சதவீதம் முடிஞ்சது"ன்னு ஒண்ணு வேணும்பாங்க. கொடுக்காதீங்க. அதுக்கு சதவீதக் கட்டம் தனியா இருக்கு.

அடுத்தது ஒர்க்ஃப்ளோ கட்டம். ஃபோர்மேனுக்கு "நடக்குது"லிருந்து "சரிபார்க்கணும்" வரைக்கும்தான் வழி. "சரிபார்க்கணும்"லிருந்து "முடிஞ்சது"க்கு மாத்தற டிக், குவாலிட்டி பாக்கறவருக்கு மட்டும். வேலை செஞ்சவரே மூடற வழியை அடைச்சாலே பாதிக் குழப்பம் தீர்ந்துரும். அதே பக்கத்துல ரெண்டாவது தாவல் இருக்கு, எந்த நிலையில எந்தப் புலம் கட்டாயம், எது மாத்தக்கூடாதுன்னு சொல்றதுக்கு. டிராயிங் டிராக்கர்ல "ரிவிஷன்"னு ஒரு புலம் சேர்த்து, "சரிபார்க்கணும்" நிலைக்கு அதைக் கட்டாயமாக்குங்க. ரிவிஷன் எண் போடாம அடுத்த நிலைக்கு நகராது.

நிறுவின மொத நாளே மாத்த வேண்டிய சிலது இருக்குங்க. புது ப்ராஜெக்ட் எல்லாம் பொதுவானதுன்னு தொடக்க அமைப்புல டிக் ஆகியிருக்கும். எடுத்துருங்க. இல்லைன்னா நாளைக்கு ஒரு பார்ட்டிக்கு லாகின் கொடுத்தீங்கன்னா மத்த பார்ட்டியோட ஆர்டரும் அவருக்குத் தெரியும். லாகின் இல்லாம பாக்க முடியாதுங்கற அமைப்பைப் போடுங்க, தானா பதிவு செஞ்சுக்கறதை நிறுத்துங்க. டிக்கெட் போட்ட தேதியே தொடக்கத் தேதியா தானா விழும். அதையும் எடுத்துருங்க, இல்லைன்னா அடுத்த மாசம் தொடங்கற வேலையெல்லாம் கேன்ட்ல இன்னைக்கே தொடங்கின மாதிரி நிக்கும். தாய் டிக்கெட்டோட தேதி பிள்ளை டிக்கெட்டுகள்ல இருந்து கணக்காகி வர்றதால அதை நேரா மாத்த முடியாது. "தேதிப் பெட்டி பூட்டிருக்கு"ன்னு புகார் வரும். அது கோளாறு இல்லை, அமைப்புல தனித்தனின்னு மாத்திக்கலாம். ஆனா அப்படியே விடறதுதான் நல்லது.

மெயில் அறிவிப்பை "நான் சம்பந்தப்பட்டது மட்டும்"னு எல்லாருக்கும் வைங்க, தான் செஞ்ச மாற்றத்துக்கே தனக்கு மெயில் வர்றதையும் நிறுத்துங்க. எல்லா மெயிலும் எல்லாருக்கும் போனா ஒரே வாரத்துல ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டாங்க.

பீளமேடு_டிராயிங்

சித்தூர் அண்ணா சொன்ன அமைப்பு சரி. நான் டிராயிங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், உங்கள் உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது.

டிராயிங்கை டிக்கெட்டில் இணைக்காதீர்கள். இரண்டாம் ரிவிஷனும் மூன்றாம் ரிவிஷனும் ஒரே டிக்கெட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும். ஷெட்டில் கைக்கு முதலில் அகப்பட்டதை பிரிண்ட் எடுப்பார்கள். டிக்கெட்டில் இணைப்புச் சுட்டியும் ரிவிஷன் எண்ணும் மட்டும் இருக்கட்டும், கோப்பு ஒரே இடத்தில் இருக்கட்டும்.

நெக்ஸ்ட்கிளவுட் போல தானாக ஒத்திசையும் ஃபோல்டரும் கேட் (கணினியில் வரையும் டிராயிங்) கோப்புகளுக்கு ஆகாது. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திறந்து சேமித்தால், இரண்டாவது ஆளின் வேலை "கான்ஃப்ளிக்டட் காப்பி" என்ற வால் ஒட்டிய தனிக் கோப்பாகப் போய் உட்கார்ந்துவிடும். வேர்டு கோப்பென்றால் ஒப்பிட்டுச் சேர்க்கலாம். டிராயிங்கை அப்படிச் சேர்க்க முடியாது.

இதற்கு, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் பழைய சப்வெர்ஷன் (எஸ்.வி.என்.) மென்பொருள்தான் பொருத்தம். நிரல் எழுதுபவர்கள் "கிட்" என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டாலும், பூட்டிப் பூட்டி வேலை செய்ய வேண்டிய கோப்புகளுக்கு இது இன்றும் நன்றாக உழைக்கிறது. டிராயிங் கோப்பு வகைகளுக்கு "நீட்ஸ் லாக்" என்ற பண்பை ஏற்றிவிட்டால், எடுத்து வைத்த கோப்பு எல்லாருடைய கணினியிலும் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும். டார்ட்டாய்ஸ் எஸ்.வி.என். மெனுவில் பூட்டு எடுத்தவருக்கு மட்டும் எழுதத் திறக்கும். வேறொருவர் பூட்டு கேட்டால் யார் வைத்திருக்கிறார் என்று பெயரோடு காட்டும். அந்தப் பண்பைப் புதுக் கோப்புகளுக்குத் தானாக ஏற்ற, ரெப்பாசிட்டரியின் (எல்லாக் கோப்பும் இருக்கும் மையக் கிடங்கின்) வேர் ஃபோல்டரில் தானியங்கிப் பண்பு விதியை எழுதிவிடுங்கள். ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக அமைத்தால் யாராவது ஒருவர் விட்டுவிடுவார்.

பூட்டு வைத்துக்கொண்டே விடுப்பில் போவது நடக்கும். பூட்டைப் பறிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் பறிப்பதற்கு முன் அவரைப் போனில் கேட்டே ஆக வேண்டும், அவர் கணினியில் சேமித்து அனுப்பாத மாற்றம் இருக்கலாம். ஒவ்வொரு மாலையும் பூட்டுகளை விடுவித்துவிட்டுப் போவது நல்ல வழக்கம்.

ரெட்மைன் இந்த ரெப்பாசிட்டரியைப் படிக்கும். டிசைனர் மாற்றத்தை அனுப்பும்போது குறிப்பில் ஆங்கிலத்தில் "ரெஃப்ஸ்" என்று எழுதி # குறியோடு டிக்கெட் எண் போட்டால், அந்த மாற்றம் டிக்கெட்டின் ஓரத்திலேயே தெரியும். இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: யாராவது ரெட்மைனில் ரெப்பாசிட்டரி பக்கத்தைத் திறந்தால்தான் அது புது மாற்றங்களை இழுத்துக்கொள்ளும். யாரும் திறக்காவிட்டால் டிக்கெட்டில் ஒன்றும் தெரியாது, "வேலை செய்யவில்லை" என்பார்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இழுக்கும்படி சர்வரில் கால அட்டவணை போட்டுவிடுங்கள்.

ஷெட்டுக்கு மூலக் கோப்பு போகவே கூடாது. "வெளியிட்டது" என்று ஒரு ஃபோல்டர், அதில் பி.டி.எஃப். மட்டும், எழுதும் உரிமை டிசைன் தலைமைக்கு மட்டும், ஷெட்டுக்குப் படிக்கும் உரிமை. கோப்பின் பெயர் எல்லா ரிவிஷனுக்கும் ஒன்றே. புது ரிவிஷன் பழையதன் மேலேயே ஏறும், பழையது சப்வெர்ஷன் வரலாற்றுக்குள் பத்திரமாக இருக்கும். "இறுதி", "இறுதி 2" என்ற பெயர்கள் அதோடு ஒழியும்.

ஷெட்டில் வேலை நடக்கும்போதே ரிவிஷன் மாறினால், பழைய டிராயிங் டிக்கெட்டைத் திருத்தாதீர்கள். புது டிராயிங் டிக்கெட் போட்டு, தயாரிப்பு டிக்கெட்டை அது "தடுக்கிறது" என்று உறவு கொடுங்கள். தடுக்கும் டிக்கெட் மூடாதவரை தயாரிப்பு டிக்கெட்டை யாராலும் மூட முடியாது, ரெட்மைன் விடாது. தயாரிப்பின் நிலையைக் "காத்திருக்கு" என்று மாற்றி, என்ன மாறியது என்பதை இரண்டே வரியில் எழுதுங்கள்: "நாசில் என்3 உயரம் 450லிருந்து 520 ஆனது. ஃப்ரேமில் மாற்றமில்லை." ஃபோர்மேனுக்கு வேண்டியது அந்த இரண்டாவது வரி. எது மாறவில்லை என்று தெரிந்தால்தான் அவர் மற்ற வேலையை நிறுத்தாமல் ஓட்டுவார்.

கொழிஞ்சாம்பாறை_நெட்ஒர்க்

சர்வர் எங்கே என்பதற்கு: ஷெட்டில் வேண்டாம். ரெட்மைன் வாடகை வி.பி.எஸ்.ஸில் (டேட்டா சென்டரில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்), சப்வெர்ஷன் பீளமேட்டு ஆபீசில்.

காரணம் இதுதான். டிக்கெட்டை இரண்டு ஊரும் பார்க்கிறது, சைட்டில் நிற்பவரும் போனில் பார்க்கிறார். கஞ்சிக்கோட்டில் கரண்ட் போனால் கோவை பார்க்க முடியாமல் போகக் கூடாது, கோவையில் இணையம் அறுந்தால் ஷெட் நிற்கக் கூடாது. டிராயிங் நேர்மாறு: கோப்பு பெரியது, டிசைனர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் லோக்கல் நெட்ஒர்க்கில் இருந்தால்தான் திறக்கும் வேகம் கிடைக்கும். ஷெட்டுக்குப் போவது சின்ன பி.டி.எஃப். மட்டும்தான்.

வி.பி.எஸ்.ஸுக்கு 2 கோர், 4 ஜி.பி. ராம், 60 ஜி.பி. டிஸ்க் போதும். மும்பை அல்லது பெங்களூரு டேட்டா சென்டர் எடுங்கள். டாக்கர் பெட்டிகளில் ரெட்மைனும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும், முன்னால் வலைச் சர்வராக என்ஜின்எக்ஸ். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவச எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். தானாகப் புதுப்பிப்பதை அமைத்துவிட்டு, 80ஆம் போர்ட்டை மூடிவிடாதீர்கள். மூடினால் புதுப்பித்தல் தோற்கும், மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் எல்லாருக்கும் சிவப்பு எச்சரிக்கை வரும்.

போட்டோ ஏற்றும்போது 413 என்ற பிழை வந்தால் அது ரெட்மைன் அல்ல, என்ஜின்எக்ஸ். அதன் தொடக்க வரம்பு 1 எம்.பி. ரெட்மைனின் வரம்பு 5 எம்.பி. இரண்டையும் உயர்த்த வேண்டும், 50 எம்.பி. வையுங்கள். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

இரண்டு படி உள்நுழைவு ரெட்மைன் 4.2 முதல் உள்ளேயே இருக்கிறது. நிர்வாகி, பர்ச்சேஸ் இருவருக்காவது கட்டாயமாக்குங்கள்.

பீளமேட்டு சப்வெர்ஷன் கணினியை ஷெட்டிலிருந்து தொட வேண்டும். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாம் என்று தொடங்குவீர்கள், முக்கால்வாசி நடக்காது. ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கென்று பொதுமுகவரியே இல்லை, இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வழியில்லை. வழி: வி.பி.எஸ்.ஸில் வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருளை ஏற்றி, பீளமேட்டுக் கணினியும் ஷெட் கணினியும் அதை நோக்கி வெளியே இணையட்டும். இதற்காக வி.பி.எஸ்.ஸில் கூடுதலாக யு.டி.பி. 51820 போர்ட்டை மட்டும் திறந்தால் போதும். இரு முனையிலும் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும் அமைப்பைப் போடாவிட்டால், கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் பாதை மூடிக்கொள்ளும். காலையில் முதல் ஆள் திறக்கும்போது தொடர்பு கிடைக்காது.

மின்சாரம். பீளமேட்டுக் கணினிக்கும் ரவுட்டருக்கும் ஒரே யு.பி.எஸ்., 600 வி.ஏ. போதும். யு.எஸ்.பி. கேபிளைச் சர்வரில் செருகி, நட் மென்பொருளால் பாட்டரி இறங்கும்போது தானாக ஒழுங்காக அணையச் செய்யுங்கள். கேபிள் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் யு.பி.எஸ். வெறும் பாட்டரிதான். பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும் அமைப்பையும் போடுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் வந்தபின் திங்கள் காலைவரை கணினி தூங்கும்.

இடி. பாலக்காட்டில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மதியத்துக்கு மேல் இறங்கும் இடி, நெட்ஒர்க் கேபிள் வழியாகத்தான் அதிகம் கெடுக்கிறது. ஷெட்டுக்கும் ஆபீஸ் அறைக்கும் இடையே வெளியில் ஓடும் செப்புக் கேபிள் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபைபரும் இரண்டு முனையில் மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். ஃபைபரில் உலோக இழை இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும், உள்ளே கம்பி ஓடும் ஃபைபர் கேபிளும் கடையில் உண்டு. சுவிட்ச் ஒன்று எரிந்தால் போகட்டும், அதன் வழியே பத்துக் கணினியின் நெட்ஒர்க் போர்ட் போவதுதான் நஷ்டம்.

பேக்கப்பில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ரெட்மைனுக்கு டேட்டாபேஸ் மட்டும் எடுத்தால் பாதிதான். இணைப்புகள் ஃபைல்ஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன. இரண்டும் ஒரே இரவில் எடுத்தவையாக இருக்க வேண்டும். பீளமேட்டுக் கணினி வி.பி.எஸ்.ஸிலிருந்து இழுத்துக்கொள்ளட்டும், வி.பி.எஸ். தள்ள வேண்டாம். வி.பி.எஸ்.ஸை எவனாவது கைப்பற்றினாலும் பேக்கப்பை அழிக்கும் சாவி அங்கே இருக்கக் கூடாது. சப்வெர்ஷனுக்கு ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள். நடுவில் யாராவது எழுதினால் நகல் கெடும். அதற்கென்றே ஹாட்காப்பி கட்டளை இருக்கிறது. அந்த நகல் இரவில் ஷெட் கணினிக்குப் போகட்டும். 14 தினசரி, 6 மாதாந்திர நகல் வையுங்கள். இரண்டு டிஸ்க் கண்ணாடிபோல ஒன்றாக ஓடுவது பேக்கப் ஆகாது, தவறாக அழித்தது இரண்டிலும் அழியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் ஏற்றிப் பாருங்கள். அதே ரெட்மைன் பதிப்பில் ஏற்ற வேண்டும். எந்தப் பதிப்பு, எந்த ப்ளகின் என்று பேக்கப் ஃபோல்டரிலேயே ஒரு உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். ப்ளகின் இரண்டுக்கு மேல் போகாதீர்கள். பதிப்பு உயர்த்தும்போது உடைவது அவைதான்.

கஞ்சிக்கோடு_பிளானிங்

மிக்க நன்றி, எல்லாருக்கும். சோதனைக்கு ஒரு பழைய கணினியில் ரெட்மைன் ஏற்றிப் பார்த்ததில் நாலு சந்தேகம்.

குறிப்பில் தமிழும் மலையாளமும் சரியாக ஏறுகிறது, ஆனால் சிலர் போனிலிருந்து எழுதினால் சேமிக்கும்போது சர்வர் பிழை வருகிறது. சோதனையில் மரியாடிபி டேட்டாபேஸ் போட்டிருக்கிறோம். நினைவூட்டல் மெயிலைக் காலை 7 மணிக்கு அமைத்தோம், மதியம் 12.30க்கு வருகிறது. ஓணத்துக்கு ஷெட் மூடும், பொங்கலுக்குக் கோவை மூடும். அட்டவணையில் எப்படிக் காட்டுவது? ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்கை டிக்கெட்டில் எப்படிக் கையாள்வது?

சித்தூர்_சர்வர்

பிழைக்குக் காரணம் எழுத்து இல்லைங்க, ஸ்மைலி. தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் யு.டி.எஃப். 8ல மூணு பைட்டு. ஸ்மைலி நாலு பைட்டு. மரியாடிபியில பழைய யு.டி.எஃப். 8 வகை மூணு பைட்டோட நிக்கும். "எம்பி4"ங்கற வகைக்கு டேட்டாபேஸ், டேபிள், இணைப்பு மூணையும் மாத்தணும். உண்மையான சர்வர்ல போஸ்ட்கிரெஸ் போட்டா இந்தப் பிரச்சினையே எழாது.

7 மணி, 12.30: சர்வர் கடிகாரம் யு.டி.சி.யில (உலகப் பொது நேரம்) ஓடுது, நமக்கு அஞ்சரை மணி நேர வித்தியாசம். கால அட்டவணையில 1.30னு போடுங்க, இல்லைன்னா சர்வரோட நேர மண்டலத்தை கொல்கத்தான்னு மாத்துங்க. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா ராத்திரி ஒன்றரைக்கு மெயில் வரும். பயனர் கணக்குகள்லயும் நேர மண்டலம் தனியா இருக்கு, அதையும் ஒருதடவை சரி பாருங்க.

மெயில் அனுப்ப சாதாரண ஜிமெயில் வெச்சீங்கன்னா 587 போர்ட், ஆப் பாஸ்வேர்டு. ரெண்டு படி சரிபார்ப்பு போட்டாத்தான் ஆப் பாஸ்வேர்டு கொடுப்பாங்க. ஒரு நாளைக்கு 500தான் வரம்பு. அறிவிப்பை நான் சொன்ன மாதிரி குறைச்சு வெச்சா 22 பேருக்குத் தாங்கும்.

விடுமுறைக்கு ரெட்மைன்ல வார விடுமுறை மட்டும்தான். ஞாயிறுன்னு சொல்லலாம், ஓணம்னு சொல்ல முடியாது. ஓபன்ப்ராஜெக்ட்ல தனித் தேதியும் போடலாம், ஆனா அது சர்வர் முழுக்க எல்லாருக்கும். திருவோணத்தை அடைச்சா கோவை டிசைனருக்கும் அடைபடும். அதனால ரெண்டுலயும் உங்களுக்கு முழுத் தீர்வு இல்லை. கைவழி ஒண்ணு இருக்கு. "இதைத் தொடர்ந்து அது"ங்கற உறவுல இடைவெளி நாள் கொடுக்கலாம். ஓணத்தைத் தாண்டற தயாரிப்பு டிக்கெட்டுக்கு இடைவெளி 4, பொங்கலைத் தாண்டற டிராயிங் டிக்கெட்டுக்கும் அதே மாதிரி. முன்வேலை தள்ளிப்போனா பின்வேலை அந்த இடைவெளியோட தானா தள்ளிப்போகும். சித்திரை 1ம் விஷுவும் ஒட்டி வர்றதால அது மட்டும் ரெண்டு ஊருக்கும் சேர்ந்து மூடிரும்.

இன்னொண்ணு. டிக்கெட்டை ரெட்மைன்லயே பி.டி.எஃப்.ஆ ஏற்றுமதி பண்ணினா தமிழ்ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் உக்காரும், மலையாளமும் சிதறும். பிரவுசர்ல பிரிண்ட் கொடுத்து பி.டி.எஃப்.ஆ சேமிங்க, சரியா வரும்.

வாளையார்_டிஸ்பாட்ச்

ஜாப் ஒர்க் பற்றி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் கேரள எல்லையான வாளையாரில் வணிகவரிச் சோதனைச்சாவடி எடுக்கப்பட்டது. ஆனால் வழியில் பறக்கும் படை நிறுத்திக் கேட்கும், காகிதம் கையில் இருக்க வேண்டும். பொதுவாக இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) 50,000 ரூபாய்க்கு மேல்தான் வேண்டும் என்று பலரும் நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்து ஜாப் ஒர்க்கருக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் இ-வே பில் வேண்டும். கஞ்சிக்கோட்டிலிருந்து கணபதிக்கு நாலு ஃப்ளாஞ்ச் போனாலும் வேண்டும்.

எனவே "ஜாப் ஒர்க்" என்று ஐந்தாவது டிராக்கர் போடுங்கள். புலங்கள்: செலான் (சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு) எண், செலான் தேதி, இ-வே பில் எண், வண்டி எண், சட்டக் கெடு. இ-வே பில் எண் 12 இலக்கம். ரெட்மைனில் புலத்துக்குக் குறைந்தபட்ச நீளம் 12, அதிகபட்சம் 12 என்று வைத்தால் ஒரு இலக்கம் விட்டு அடித்தால் ஏற்காது. "நடக்குது" என்ற நிலைக்கு அந்த எண்ணைக் கட்டாயமாக்கினால், எண் போடாமல் வண்டி ஏறியதாக டிக்கெட் காட்டாது.

சட்டக் கெடு தனிப் புலமாக இருக்க வேண்டும். வேலைக்கான கெடு ஒரு வாரமாக இருக்கலாம், சட்டப்படி அந்தச் சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். மெஷினரி போன்ற மூலதனப் பொருளென்றால் மூன்று வருடம். ஜிக், ஃபிக்ஸ்சர், டை, டூல் இவற்றுக்கு அந்தக் கெடு இல்லை. கெடு தாண்டினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக வைத்து வரியும் வட்டியும் கேட்பார்கள். செலான் தேதியிலிருந்து 11 மாதம் என்று புலத்தில் போட்டு, அடுத்த 30 நாளில் வருவதைக் காட்டும் வினவலைச் சேமித்து அக்கவுண்ட்ஸுக்குக் கொடுங்கள். பகுதி பகுதியாகத் திரும்பி வந்தால் டிக்கெட்டை மூடாதீர்கள். 40 போய் 37 வந்தால், மீதி 3 என்னவென்று குறிப்பு விழுந்த பிறகே மூட வேண்டும். ஸ்கிராப் ஆனதும் அங்கேதான் பதிவாகும்.

ஜாப் கார்டில் டிக்கெட் முகவரியைக் கியூ.ஆர். ஆக அச்சிட்டு ஒட்டினால் ஃபிட்டர் போனைக் காட்டியதும் அந்த டிக்கெட் திறக்கும். எண் தேடி அடிக்கச் சொன்னால் கையுறையோடு நிற்பவர் அடிக்க மாட்டார். கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், கிரைண்டிங் தூசியில் கியூ.ஆர். இரண்டு நாளில் தேய்ந்துவிடும்.

கஞ்சிக்கோடு_பிளானிங்

எல்லாம் புரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களை எல்லாம் ஒரே நாளில் மாற்றுவதா? எக்செலில் 240 வரி இருக்கிறது.

சித்தூர்_சர்வர்

எல்லாத்தையும் மாத்தாதீங்க தம்பி. புதுசா வர்ற ஒரு ஆர்டரை எடுத்து முழுசா ரெட்மைன்ல நடத்துங்க. டிராயிங்ல தொடங்கி லாரியில ஏறுற வரைக்கும் ஒரு சுத்து வரட்டும். அந்த ஆர்டருக்கு மட்டும் வாட்ஸ்அப்ல போட்டோவும் பேச்சும் இருக்கலாம், ஆனா டிக்கெட் எண் இல்லாத உத்தரவை ஷெட் செய்ய வேண்டியதில்லைன்னு முதலாளி வாயிலிருந்தே வரணும். பிளானிங் சொன்னா நிக்காது.

திங்கக்கிழமை காலையில 20 நிமிஷம் உக்காருங்க, "கெடு தாண்டினது, மூடாதது"ன்னு ஒரு வினவலைச் சேமிச்சு டி.வி.யில போடுங்க. ஒவ்வொரு வரிக்கும் புதுத் தேதி, இல்லைன்னா யார் கையில நிக்குதுன்னு ஒரு பேரு. அங்க விவாதம் வேண்டாம்.

அடுத்து மீதி ஆர்டர்களை ஏத்தறப்ப ரெட்மைன்லயே சி.எஸ்.வி. இறக்குமதி இருக்கு, ப்ளகின் தேவையில்லை. எக்செல்ல சேமிக்கறப்ப வெறும் சி.எஸ்.வி.ன்னு கொடுத்தா தமிழ் எல்லாம் கேள்விக்குறியாயிரும், பட்டியல்ல "சி.எஸ்.வி. யு.டி.எஃப். 8"னு தனியா இருக்கறதை எடுங்க. இறக்குமதிப் பக்கத்துல தேதி வடிவம் கேக்கும், நாள் முதல்ல, மாசம் அடுத்ததுன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க. அதை விட்டுட்டா 5ந்தேதி 9ம் மாசம், 9ந்தேதி 5ம் மாசமா ஏறிரும், பிழைன்னும் சொல்லாது. மொதல்ல 10 வரி மட்டும் ஒரு சோதனை ப்ராஜெக்ட்ல ஏத்திப் பாத்துட்டு 240க்குப் போங்க.